யாருடைய கையெழுத்து?

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஃபாரம் நீட்டுவார்கள். மயக்க மருந்தில் ஆபத்து உண்டு, எதுவும் நடக்கலாம், எல்லாம் தெரிந்துதான் சம்மதிக்கிறேன் என்று நாலு வரி. கீழே ஒரு கோடு. மனிதர்களின் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் நோயாளியே அதில் கையெழுத்துப் போட்டுவிடலாம். கால்நடை ஆஸ்பத்திரியில் அதற்கு வழியில்லை. கத்தி படப்போகும் உடம்பு ஒருவருடையது. கையெழுத்து இன்னொருவருடையது.

சென்னை வேப்பேரியில் 1903ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனைப் பக்கம் ஒரு நாள் காலையில் சும்மா போய்ப் பாருங்கள். ஆட்டோவிலும் ஸ்கூட்டரிலும் நாய்கள் வந்து இறங்கும். பழைய பெட்ஷீட்டில் போட்டு இரண்டு பேர் தூக்கி வருவதும் உண்டு. பணக்காரர், ஏழை வித்தியாசமில்லாமல் எல்லார் முகத்திலும் ஒரே கவலை. நாய் டாக்டரைப் பார்ப்பதில்லை. கூட வந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ‘என்னை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தே?’ என்று கேட்பது போல இருக்கும். பதில் சொல்ல நம்மிடம் பாஷை இல்லை.

அந்தக் கையெழுத்தைப் போட நமக்கு என்ன உரிமை?

சில சமயம் பதில் சுலபம். எட்டு வயதுப் பெண் லாப்ரடார் என்று வைத்துக்கொள்வோம். “ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்” என்று கருத்தடையைத் தள்ளிப்போட்டே வந்திருக்கிறார்கள். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் திடீரென்று தண்ணீராகக் குடிக்கிறது. சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஸ்கேன் எடுத்தால் கருப்பை முழுக்கச் சீழ். ‘பயோமெட்ரா’ என்பார் டாக்டர். கருப்பையை எடுக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம். சீக்கிரம் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். 10 முதல் 14 நாளில் தையல் பிரித்துவிடலாம். இங்கே தத்துவத்துக்கு வேலையில்லை. பேனா இருந்தால் போதும்.

இப்போது வேறொரு வீடு. பத்து வயது ராட்வைலர். முன்னங்கால் எலும்பில் புற்றுநோய். பெரிய ஜாதி நாய்களுக்குத்தான் இது அதிகம் வரும். காலை எடுத்துவிட்டால் அந்த வலி போய்விடும். மூன்று காலில் பெரும்பாலான நாய்கள் நன்றாகவே நடந்து பழகிக்கொள்ளும். ஆனால் அதற்குள் நோயின் விதை நுரையீரலில் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். காலை மட்டும் எடுத்தால் சராசரியாக நாலைந்து மாதம். கீமோதெரபியும் சேர்ந்தால் 10 முதல் 12 மாதம்.

இப்போது கையெழுத்துப் போடுங்கள் பார்க்கலாம். கை கொஞ்சம் நடுங்கும்.

நடுக்கத்தை அதிகப்படுத்த ஒரு உறவினர் கட்டாயம் வருவார். “ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா? இந்தப் பணத்துல ரெண்டு ஏழைப் பசங்களைப் படிக்க வைக்கலாமே!” நியாயமான பேச்சு மாதிரிதான் தெரியும். ஆனால் இவர் புது டி.வி. வாங்கும்போது ஏழைப் பசங்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. நாய்க்கு ஊசி போடும்போதுதான் வருகிறார்கள். கடன் வாங்கி, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸை நிறுத்திச் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைக்கு எட்டியதைச் செய்கிறவரைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை என்கிறேன்.

இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் மூத்தவர் தருமர். மகாபாரதத்தின் கடைசியில் அவருக்காக இந்திரன் ரதத்தோடு வந்து நிற்கிறான். நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். தம்பிகளும் திரௌபதியும் வழியில் விழுந்து இறந்துவிட்டார்கள். மிச்சமிருப்பது கூடவே நடந்து வந்த இந்த நாய் ஒன்றுதான். நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் மறுத்துவிடுகிறார். அந்த நாய்தான் தர்மதேவதை என்பது பிறகு தெரிகிறது. மறுத்தபோது அவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது தன்னை நம்பி வந்த ஒரு நாய் என்பதுதான்.

ஆக, கைவிடக் கூடாது. சரி. ஆனால் ஆபரேஷன் செய்யாமல் விடுவதுதான் கைவிடுவதா? வெட்டித் தைத்து எப்படியாவது இழுத்துப் பிடிப்பதும் சில சமயம் கைவிடுவதுதானோ?

1960ல் நம் நாட்டில் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. பரதநாட்டியத்துக்காக நாம் கொண்டாடும் ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்து இதற்காக விடாமல் பாடுபட்டார். மிருகத்தை வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற வலி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். ‘தேவையற்ற’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அப்படியானால் தேவையான வலி என்று ஒன்று உண்டு. யாருக்குத் தேவை?

மனிதனுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனால் வலிக்கு ஒரு காரணம் சொல்லலாம். “ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கோங்க மாமா, பேத்தி கல்யாணத்துக்கு நடந்தே போகலாம்.” அந்தக் கல்யாணம் பாதி வலியைத் தாங்கிக்கொள்ளும். நாய்க்கு இந்த வசதி இல்லை. காரணம் தெரியாத வலி அதற்கு வெறும் வலி. 1789ல் ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலேயர், மிருகங்களுக்கு யோசிக்கத் தெரியுமா, பேசத் தெரியுமா என்பது கேள்வியே இல்லை, அவை துன்பப்படுமா என்பதுதான் கேள்வி என்று வாதாடினார். யோசிக்கத் தெரியாத உயிருக்கு வலி குறைவு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஆறுதல் சொல்ல முடியாத இடத்தில் வலி கூடத்தான் செய்யும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கால் போய்விட்டதே என்று நாய் கண்ணாடி முன்னால் நின்று அழாது. தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று கவலைப்படாது. நாளையைப் பற்றிய பயமும் இல்லை, நாளையைப் பற்றிய ஆசையும் இல்லை. “அடுத்த தீபாவளி வரைக்குமாவது இருக்கட்டும்” என்று நாம்தான் சொல்கிறோம். நாய்க்குத் தீபாவளியே பிடிக்காது.

அதனால் கணக்கை அதனுடைய காலண்டரில்தான் போடவேண்டும். அந்தக் காலண்டரில் இன்று என்ற ஒரே தாள்தான். அமெரிக்காவில் மிருகங்களுக்குப் புற்றுநோய் வைத்தியம் பார்க்கும் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற டாக்டர் 2004ல் ஏழு கேள்விகள் தயாரித்தார். வலி அடங்கியிருக்கிறதா, சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, உடம்பு சுத்தமாக இருக்கிறதா, சந்தோஷம் இருக்கிறதா, எழுந்து நடமாடுகிறதா, கடைசியாகக் கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். ஏழில் ஒன்றுகூட ‘அது இல்லாமல் நான் எப்படி இருப்பேன்’ என்பது இல்லை. நம் மனதில் முதலில் வருவது அந்த எட்டாவது கேள்விதான்.

அந்த ராட்வைலருக்கு மற்ற மூன்று கால்களும் பலமாக இருந்து, எக்ஸ்ரேயில் நுரையீரலும் சுத்தமாக இருந்தால், இரண்டு மூன்று வாரக் கஷ்டத்துக்குப் பல மாத நிம்மதி கிடைக்கும். போடலாம் கையெழுத்து. நெஞ்சிலும் கட்டி தெரிகிறது, பின்னங்கால்கள் ஏற்கெனவே தள்ளாடுகின்றன என்றால், வெட்டுவது யாருக்காக? அங்கே வலிக்கு மருந்து கொடுத்து, அதுவும் கேட்காத நாளில் ஒரே ஊசியில் தூங்கவைக்கச் சம்மதிப்பதும் கைவிடாமல் இருப்பதுதான். அந்த ஃபாரத்துக்கும் கையெழுத்து வேண்டும். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கையெழுத்து.

கையெழுத்தோடு காரியம் முடிவதில்லை. நாயிடம் சம்மதம் கேட்க முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கிறதா என்று கேட்கலாம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நாயின் வலியை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள். முனகுகிறதா, காயத்தையே திரும்பிப் பார்க்கிறதா, எழுந்திருக்கத் தயங்குகிறதா, காயத்தைச் சுற்றி மெல்ல அழுத்தினால் என்ன செய்கிறது... இதற்கெல்லாம் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் விடை தெரியும். தையலைக் கடிக்காமல் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டவேண்டும். அது கதவில் இடித்துத் திகைத்து நிற்கும்போது வழி காட்டவேண்டும். வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து ஒண்ணுக்குக் கூட்டிப் போகவேண்டும். மாத்திரை விஷயத்தில் டாக்டர் சொன்னது மட்டும்தான்; வீட்டில் கிடக்கும் ஐபுபுரோஃபெனை ‘பாவம், வலிக்குதே’ என்று கொடுத்தால் அது நாய்க்கு விஷம். ராத்திரி அதன் பக்கத்திலேயே தரையில் பாயைப் போட்டுப் படுப்பவர்கள் உண்டு. காரணத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாதவர்கள், கூட இருப்பதைச் சொல்லும் வழி அது.

நாய்களோடு நிற்கும் விஷயமில்லை இது. ஞாபகம் போன பாட்டியின் மூக்கில் டியூப் போடலாமா என்று ஐ.சி.யூ. வாசலில் நின்று பேசும் பிள்ளைகளுக்கும் இதே ஃபாரம்தான், இதே கோடுதான். ‘அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்’ என்பது யாருடைய ஆசை என்று அங்கே யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

தையல் பிரித்த நாய் நாலு நாளில் வாலை ஆட்டிக்கொண்டு வரும். மயக்க ஊசி போடக் கொண்டுபோய் விட்ட அதே கையை நக்கும். ‘மன்னிச்சுட்டான் பாருங்க’ என்போம். அது எப்போது நம் மேல் குற்றம் சாட்டியது, இப்போது மன்னிக்க? புகார் கொடுக்கத் தெரியாத ஒருவன் விஷயத்தில் அவனுக்கு வக்கீலும் நாம்தான், நீதிபதியும் நாம்தான். பேனாவை மூடி வைப்பதற்கு முன்னால் அவன் தரப்பை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிடுவது நல்லது.