அறிவிக்காத வாக்குறுதி

நிரல் நூலகம் ஒன்று பிற நிரல்களுக்கு வழங்கும் செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்புகள், அதை ஆக்கியவர் முன்பின் அறியாத பயனர்களுக்கு அளிக்கும் வாக்குறுதியாகும். நிரல்களைத் தொகுத்து நிறுவும் பணியை ஒழுங்குபடுத்தும் சிமேக் கருவியில், கோப்புறையை முழுதாக நகலெடுக்கும் பழைய வழக்கத்தால் உட்பயன்பாட்டுக் கோப்புகளும் வெளியே சென்றுவிடக்கூடும். 2022இல் வெளிவந்த 3.23ஆம் பதிப்போ, நிறுவ வேண்டிய ஹெடர்களைக் கோப்புத் தொகுதியாகப் பெயர்சுட்டி அறிவிக்க வழிசெய்தது. அவ்வழிக்கு மாறும்போது, அறிவிக்கப்படாத கோப்பை நம்பியவரின் நிரல் தொகுக்கப்படாமல் நின்றுவிடுகிறது.

கடமை சொல்லிலிருந்து மட்டுமே பிறக்கிறதா, பிறர் கொண்ட நம்பிக்கையிலிருந்தும் பிறக்கிறதா என்னும் அறவியல் வினா இங்கே எழுகிறது. சொல்லாததற்குப் பொறுப்பில்லை என வாதிடலாம். ஆயினும், நம்ப இடங்கொடுத்தவர் எல்லையைத் திருத்துமுன் முன்னறிவிப்பும் கால அவகாசமும் தருவதே அறம்.