அளவுகோலும் மனிதனும்

மனிதனை அளக்கலாமா? உயரத்தையும் நிறையையும் அளப்பதில் எவருக்கும் மறுப்பில்லை. தையற்காரரும் மருத்துவரும் நாள்தோறும் அதனைச் செய்கின்றனர். ஆனால் அளந்து பெற்ற எண்ணைக் கொண்டு அம்மனிதனுக்கு ஒரு விலை குறிக்கப்படும்போது அறம் பற்றிய வினா எழுகின்றது. இவ்வினாவை வெறுங் கருத்தாக வைத்து விவாதிப்பதிலும், அது மிகக் கூர்மையாக வெளிப்படும் ஓரிடத்தில் வைத்து நோக்குதல் பயனுடையது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தொழில்முறை உதைபந்தாட்டம் அத்தகைய ஓரிடமாகும்.

ஆண்டுதோறும் பெப்ரவரி மாத இறுதியை ஒட்டி முந்நூறுக்கு மேற்பட்ட பல்கலைக்கழக வீரர்கள் ஒரு நகரிலே கூட்டப்படுகின்றனர். 1987 முதல், 2021 நீங்கலாக, அந்நகர் இண்டியானாபோலிஸ் ஆக இருந்து வந்துள்ளது. அங்கு அவர்களுடைய உயரம், நிறை, கைநீளம், உள்ளங்கையின் அகலம் யாவும் அங்குலத்தின் பின்னம்வரை குறிக்கப்படுகின்றன. 40 யார் தூரத்தை ஓடும் நேரம் விநாடியின் நூற்றிலொரு கூறுவரை கணிக்கப்படுகின்றது. 225 இறாத்தல் பாரத்தை மல்லாந்து கிடந்தவாறு எத்தனை முறை தூக்குகின்றனர் என்பது எண்ணப்படுகின்றது. கழகங்களின் மருத்துவர்கள் முழங்காலையும் தோள்மூட்டையும் அசைத்துப் பார்க்கின்றனர். பின்னர், ஏப்ரலில், 32 கழகங்கள் ஏழு சுற்றுக்களில் இவ்விளைஞர்களை ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்தெடுக்கின்றன. முந்திய பருவத்தில் மிகவும் தோற்ற கழகத்துக்கு முதலுரிமை. பிலடெல்பியாக் கழகத்தின் உரிமையாளராயிருந்த பேட் பெல் முன்மொழிந்த இம்முறை 1936இல் நடைமுறைக்கு வந்தது. செல்வமிக்க கழகங்களே சிறந்த வீரரையெல்லாம் கவர்ந்துகொள்வதைத் தடுப்பது அதன் நோக்கம் எனப்பட்டது. ஒரு வீரனுக்காகப் பல கழகங்கள் போட்டியிட்டு ஊதியத்தை உயர்த்தும் நிலையையும் அது தடுத்தது என்பதை நாம் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இவ்வீரருள்ளும் ஒரு பிரிவினரையே நாம் இங்கு சிறப்பாக நோக்குகின்றோம். அவர்கள் தற்காப்பு முன்வரிசையில் நிற்போர். ஒவ்வோர் ஆட்டத் தொடக்கத்திலும் மூவரோ நால்வரோ குனிந்து, ஒரு கையையேனும் நிலத்தில் ஊன்றி, எதிரணியின் பேருடலினரை நேருக்கு நேர் எதிர்கொண்டு நிற்பர். பந்து அசைந்ததும் இரு வரிசைகளும் மோதும். பந்தை எறியவிருப்பவனை எறியுமுன் வீழ்த்துவது இவர்களது புகழ்மிக்க செயல். பந்தை ஏந்தி ஓடுபவனுக்கு வழி விடாதிருப்பது இவர்களது அன்றாடத் தொழில்.

இவர்களை மதிப்பிடுவது எளிதன்று. மதிப்பீட்டாளர் எல்லோரையும் மூடரென்றோ கொடியரென்றோ ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அவர்களிடம் உண்மையான தொழிலறிவு உண்டு. முன்வரிசையர் களத்தில் 40 யார் ஓடுவது அரிது என்பதால், முதல் 10 யாருக்கு எடுத்த நேரத்தையே அவர்கள் தனியே பார்க்கின்றனர். கை நீண்டிருந்தால் எதிராளியை உடலில் ஒட்டவிடாது தள்ளி நிறுத்தலாம் என்பதால் கைநீளத்தைக் கேட்கின்றனர். நீண்ட கையுடையவனுக்குப் பாரந்தூக்குதல் கடினம் என்பதையும் அறிந்து கணக்கிற் கழித்துக் கொள்கின்றனர். படச்சுருள்களை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, பந்து அசைந்த கணத்தில் முதலடி எவ்வளவு விரைவாக எழுகின்றது, தோள் எவ்வளவு தாழ்ந்து செல்கின்றது, பந்து மறுபுறம் போய்விட்ட பின்னரும் அவன் விடாது துரத்துகின்றானா என்றெல்லாம் ஆராய்கின்றனர்.

அளவுகோலின் சார்பில் இன்னொன்றும் சொல்லப்படவேண்டும். நிறுத்தற்கடிகாரம் குலம் கேளாது. தந்தையின் தொழில் கேளாது. படித்த பல்கலைக்கழகம் பெயர்பெற்றதா எனவும் கேளாது. பரிந்துரைக் கடிதங்களாலும் அறிமுகங்களாலும் வாய்ப்புக்கள் பங்கிடப்படும் உலகில், யாவர்க்கும் பொதுவான ஓர் அளவுகோல் ஏழையின் கையில் ஆயுதமாவதும் உண்டு.

ஆயின், அவ்வளவுகோல் எவ்வளவு தவறியிருக்கின்றது! 1961இல் பதினான்காம் சுற்றில், 186ஆம் ஆளாகத் தெரியப்பட்டவர் டீக்கன் ஜோன்ஸ். பந்தெறிவோனை வீழ்த்தும் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் என இன்று போற்றப்படுபவர் அவரே. 1990இல் ஏழு சுற்றுக்கும் மேலாகப் பல சுற்றுக்கள் நடந்த காலத்திலும் ஜோன் ராண்டிலை எவரும் தெரியவில்லை. உடல் சிறிது என்றனர். நிறையைக் கூட்டிக் காட்டுவதற்காக உடையினுள்ளே சங்கிலியைக் கட்டிக்கொண்டு அவர் தராசில் ஏறினார் எனச் சொல்லப்படுகின்றது. அவர் 2010இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். மறுதலையாக, 1995இல் சோதனைப் பயிற்சிகளையே குறிவைத்துப் பழகி வந்த மைக் மமூலா என்பவரின் எண்களில் மயங்கிய பிலடெல்பியாக் கழகம், தம்பாபே கழகத்துடன் இடம்மாறி, ஏழாவதாக அவரைப் பெற்றது. போதைப்பொருட் சோதனை பற்றிப் பரவிய செய்திகளால் பிறர் தயங்கிய வாறன் சப் என்பவரை, தம்பாபே அம்மாற்றத்தில் தனக்குக் கிடைத்த பன்னிரண்டாம் இடத்தில் எடுத்தது. பின்னாளிற் புகழ் மண்டபம் ஏறியவர் சப். 2008இல் ஆறாவதாகத் தெரியப்பட்ட வேர்ணன் கோல்ஸ்டனின் உடலளவைகள் வியப்புக்குரியனவாயிருந்தன. மூன்று பருவங்களில் அவர் பந்தெறிவோனை ஒருமுறைதானும் வீழ்த்தவில்லை. 2014இல், பல்கலைக்கழக மட்டத்தில் பரிசுகளைக் குவித்திருந்த ஆரன் டொனால்ட், உயரம் போதாதவர் எனக் கருதப்பட்டு, பன்னிருவருக்குப் பின்னரே எடுக்கப்பட்டார். அவர் மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரராகத் தெரிவாகி, 2024இல் ஓய்வு பெற்றார்.

இத்தகைய கதைகளைச் சொல்லி மகிழ்ந்து, 'பார்த்தீர்களா, மனிதனை அளக்க முடியாது' என முடித்துவிடுவது வழக்கம். உள்ளத்தை அளக்கக் கருவியில்லை என்ற பாராட்டுரையும் அதனோடு வரும். இம்முடிவு நமக்கு நிறைவளிக்கவில்லை. அளவுகோல் தவறுகின்றது என்பது அதன் மீதான குறையாகலாம், அறக் குற்றமாகாது. நாளை ஒருநாள் தவறவே தவறாத அளவுகோல் ஒன்று வகுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். டொனால்ட் முதலாமிடத்திலும் கோல்ஸ்டன் இறுதியிலும் சரியாகக் குறிக்கப்படுகின்றனர். அப்போது எல்லாம் நீதியாகிவிடுமா? ஆகும் என்போரின் கவலை வாணிபக் கவலையே. ஆகாது என்போர், குற்றம் வேறெங்கு உள்ளது என்பதைக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

2021இல் வெளியான ஒரு தொலைக்காட்சித் தொடரில் கொலின் கப்பர்நிக் என்ற முன்னாள் வீரர் இச்சோதனையை அடிமைச் சந்தையோடு ஒப்பிட்டார். அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. கோடிக்கணக்கில் ஊதியம் பெறப்போகின்றவனைச் சவுக்கடிபட்டவனோடு ஒப்பிடுவது உண்மையான அடிமைகளின் துயரை இழிவுபடுத்துவதாகும் என்றனர். இவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு. அடிமை மேடையைவிட்டு இறங்கிப் போக முடியாது; விலை அவன் கைக்கு வாராது; அவன் பிள்ளையும் அவனோடு விற்கப்படும். இவ்வேறுபாடுகளை அழித்துவிட்டுப் பேசுவது வரலாற்றுணர்வற்ற பேச்சு. ஆனால் ஊதியம் பெரிது என்பதனால் வினா தீர்ந்துவிடுமா? லீக்கின் வீரருட் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். கழக உரிமையாளரோ ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர். யார் அளக்கின்றனர், யார் அளக்கப்படுகின்றனர் என்பது தற்செயலாக அமைந்ததன்று.

எனவே, அளத்தலை விட்டு, அளப்பவனுக்கும் அளக்கப்படுபவனுக்கும் இடையிலுள்ள உறவை நோக்குவோம். தெரிவு செய்யப்படும் இளைஞன் தன் தொழில்தருநரைத் தான் தெரிய முடியாது. ஜேம்ஸ் ஸ்மித் என்பவர் 1968இல் தெரியப்பட்டு, முதற் பருவத்திலேயே கழுத்தில் காயமுற்று ஆட்டத்தை இழந்தார். தன் உழைப்பின் உண்மை விலையைப் பேசிப் பெறும் உரிமையை இம்முறை பறித்தது என அவர் வழக்காடினார். அன்றிருந்த வடிவில் அம்முறை போட்டித் தடைச் சட்டத்துக்கு மாறானது என மேன்முறையீட்டு மன்று 1978இல் தீர்ப்பளித்தது. இன்று அதே முறை வீரர் தொழிற்சங்கத்தோடு செய்த உடன்படிக்கையின் காப்பில் நிலைபெறுகின்றது. தொழிற்சங்கம் என்ற சொல் நமக்கு இனியது. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது: அவ்வுடன்படிக்கை செய்யப்படும்போது பல்கலைக்கழக இளைஞன் சங்கத்தின் உறுப்பினனல்லன். உயர்பள்ளி முடித்து மூன்றாண்டு கழியாதவன் தெரிவிற் பங்குபற்றலாகாது என்ற விதியை எதிர்த்த மொறிஸ் கிளாரட்டின் வழக்கு 2004இல் தோற்றது. உள்ளே இருப்போர் செய்த ஒப்பந்தம் வாயிலில் நிற்போனையும் கட்டும் என்பதே அதன் சாரம்.

அம்மூன்றாண்டுகளில் அவன் என்ன பெற்றான்? 1950களில் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்தின் தலைவராயிருந்த வோல்டர் பையர்ஸ் காலத்தில் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற தொடர் உருவாக்கப்பட்டது. காயமுற்றவர்கள் தொழிலாளர் என்ற முறையில் நட்டஈடு கேட்பதைத் தவிர்க்கவே அது உருவானது எனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஒரு சொல் ஒரு தலைமுறையின் உரிமையை எவ்வாறு உண்ணலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இளைஞர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட 2021இலேயே அனுமதி கிடைத்தது. பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் பணம் வழங்க வழிசெய்த நீதிமன்ற இணக்கம் 2025இல் வந்தது. இவை இரக்கத்தால் வந்தவையல்ல, வழக்காடிப் பெற்றவை.

அளவுகோலின் உண்மை முகம் வாயிலில் முழுமையாகத் தெரிவதில்லை. மனிதன் வெளியேறும் வேளையில் அது தெரிகின்றது. முன்வரிசையர் ஏறத்தாழ ஒவ்வொரு மோதலிலும் தலை அதிரப் பெறுகின்றனர். மயக்கம் வராத சிற்றதிர்வுகளும் ஆண்டுக்கணக்கிற் குவிந்து மூளையைச் சிதைக்கலாம் என ஆய்வாளர் கூறுகின்றனர். மூளைக்கேடுற்ற முன்னாள் வீரர் தொடுத்த வழக்கு 2013இல் இணக்கத்துக்கு வந்து, நட்டஈடு வழங்கும் ஏற்பாடு பிறந்தது. அந்நட்டஈட்டுக்காக அறிவாற்றல் இழப்பைக் கணிக்கும்போது, கறுப்பினத்தவரின் தொடக்க ஆற்றல் குறைவானதே எனக் கொள்ளும் ஓர் அளவை பயன்படுத்தப்பட்டது. தொடக்கமே குறைவு எனக் கொண்டால் இழப்பும் குறைவாகத் தோன்றுமல்லவா? அதனால் கறுப்பின வீரர் நட்டஈடு பெறுதல் கடினமாயிற்று. வீரரும் அவர்தம் மனைவியரும் எதிர்த்துக் குரலெழுப்பிய பின்னர், 2021 ஜூனில், இவ்வளவையைக் கைவிட லீக் உடன்பட்டது.

இதனைச் சிறிது நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். உள்ளே வரும் நாளில் வெள்ளையனுக்கும் கறுப்பனுக்கும் ஒரே நாடா, ஒரே தராசு, ஒரே கடிகாரம். உழைப்பைப் பெறுவதற்கு அளக்கும்போது அளவுகோல் நேர்மையாக இருந்தது. கடனைத் தீர்ப்பதற்கு அளக்கும்போது அதே அளவுகோலுக்கு நிறவேற்றுமை வந்துவிட்டது. முன்னர் நாம் அளவுகோலின் சார்பிற் சொன்ன வாதம் இங்கு தன் எல்லையை அடைகின்றது. கடிகாரம் குலம் கேளாது என்றோம். ஆம், அது கேளாது. கடிகாரத்தைப் பிடித்திருக்கும் கை கேட்கும்.

இன்னொரு குறையும் உண்டு. தற்காப்பு முன்வரிசையின் நடுவில் நிற்பவன் பல வேளைகளில் எதிரணியினர் இருவரைத் தன்மேல் ஏற்று நிற்கின்றான். அதனால் அவனருகே நிற்பவன் தடையின்றி ஓடிப் பந்தெறிவோனை வீழ்த்துகின்றான். ஏட்டில் வீழ்த்தியவன் பெயர் மட்டுமே ஏறும். அவ்வீழ்த்தலும் 1982 முதலே அதிகாரபூர்வமாக எண்ணப்படுகின்றது. டீக்கன் ஜோன்ஸின் செயல்கள் அக்கணக்கில் இல்லை. மனித உழைப்பு கூட்டுழைப்பாயிருக்க, எண் தனிமனிதனையே தேடுகின்றது. நல்ல மதிப்பீட்டாளர் படச்சுருளில் இதனைக் காண்கின்றனர் என்பது உண்மை. ஆனால் விலை குறிக்கும் சந்தை அதனை மெதுவாகவே கற்கின்றது.

நாம் கண்ட முடிவு இதுதான். அளத்தல் தன்னளவிற் குற்றமன்று. தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் அளவையின்றி நடப்பது வேண்டியவர்க்குச் சலுகை காட்டுவதில் முடியும். ஓர் அளவை அறமுடையதாவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். எதற்காக அளக்கின்றோமோ அதனோடு அது நிற்கவேண்டும். கைநீளம் கேட்கவந்தவன் தாயின் ஒழுக்கத்தைக் கேட்கலாகாது. (2010இல் ஓர் இளைஞனிடம் அவ்வாறு கேட்ட கழக நிருவாகி மன்னிப்புக் கோர நேர்ந்தது.) அளக்கப்படுபவனுக்கு அளவையை வகுப்பதிலும் எதிர்ப்பதிலும் குரல் வேண்டும். மூன்றாவதாக, வரும்போது அளந்து பெற்றவன், போகும்போதும் அதே கோலால் அளந்து கொடுக்கவேண்டும். இம்மூன்றும் உள்ள இடத்தில் அளக்கப்படுபவன் மனிதனாகவே நிற்கின்றான். இல்லாத இடத்தில், ஊதியம் எத்தனை கோடியாயினும், அவன் பண்டமே.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதனைப் பிறர் குற்றமாக மட்டும் வாசித்துவிட முடியாது. நம் மேசையிலும் புள்ளிப் பதிவேடு இருக்கின்றது. முதல் தவணையில் ஒரு பிள்ளைக்கு நாம் இடும் எண், அவன் அமரும் வரிசையையும் அவன்மேல் நாம் செலவிடும் பொறுமையையும் பல வேளைகளில் தீர்மானித்துவிடுகின்றது. அவ்வெண்ணை ஏன் இட்டோம் என்று கேட்க அவனுக்கு இடம் கொடுத்திருக்கின்றோமா? ஆண்டிறுதியில் அவன் தோற்று வெளியேறும்போது, அத்தோல்வியில் நமது பங்கு எவ்வளவு என்று அதே பதிவேட்டில் எழுதியிருக்கின்றோமா?