கொல்லைக்கு வரும் முஸாபிர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நம் திருத்தணியில் வீட்டுக் கொல்லைகள் ஒரே வாரத்தில் உருமாறிவிடுகின்றன. தமிழகத்தில் வெயில் மிகக் கடுமையாகக் காயும் ஊர்களில் இதுவும் ஒன்று. அந்த வெயிலில் செத்துக் கிடந்த மண்ணிலிருந்து தும்பையும் குப்பைமேனியும் கீழாநெல்லியும் தாமே எழுகின்றன. விதைத்தவர் யார்? நாமல்ல. மாலையில் ஈசல் புறப்படுகிறது. இரவில் கிணற்றடியில் தவளை கத்துகிறது. செத்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை மறுமைக்கு அத்தாட்சியாகத் திருக்குர்ஆன் பல இடங்களில் எடுத்துக் காட்டுகிறதே, அது நம் கொல்லையிலேயே நடக்கிறது!

இந்த நாட்களில்தான் ஒரு விருந்தாளியும் வருகிறது. குட்டை வால், பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் சீட்டியடிப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருகிறது. நம் வழக்கில் சொன்னால், அது ஒரு முஸாபிர். மரநிழலில் மக்கிய சருகைப் புரட்டி, பூச்சி புழுவைத் தின்று பசியாறுகிறது.

சென்ற ஆண்டு நம் வீட்டில், சருகையெல்லாம் கூட்டி எரித்துவிட்டுக் கொல்லை முழுவதற்கும் சிமெண்ட் போடுவதென்று முடிவாயிற்று. கொத்தனாருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. மஃரிபுக்கு ஒளுச் செய்யப் போனபோது, கொய்யா மரத்தடியில் அந்தக் குருவி சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. மனம் சுருக்கென்றது.

கேள்வி எளிதன்று. தூய்மையை ஈமானில் பாதியாக வைத்த மார்க்கம் நம்முடையது. சருகில் தேள் அடையும், பாம்பு வரும் என்று வீட்டுப் பெண்கள் அஞ்சுவதும் வீண் அச்சமல்ல. தொழுகையில் நிற்கும்போதுகூட இவ்விரண்டையும் கொல்ல நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள்.

ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள், தோழர்கள் குஞ்சுகளை எடுத்துவிட்டதால் தாய்க்குருவி சிறகடித்துத் தவித்ததைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எறும்புப் புற்றை எரித்ததைக் கண்டித்தார்கள். தவளையைக் கொல்லத் தடுத்தார்கள். ஒருவர் நட்ட மரத்தில் பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதக்கா என்றார்கள். ஆக, தீங்கை அகற்ற அனுமதி உண்டு. நமக்குப் பயனில்லை என்பதற்காகவே ஓர் உயிரின் இரையையும் இருப்பிடத்தையும் அழிக்க அனுமதி எங்கே இருக்கிறது? தண்ணீர் கிடைக்காதபோது மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யச் சொன்ன மார்க்கம், மண்ணை அழுக்கென்று மூடிவிடச் சொல்லுமா?

‘நம் இடம், நம் இஷ்டம்’ என்போர் உண்டு. 1960 ஏப்ரலில் எல்லைக்கோடு நகர்ந்து, ஆந்திரத்திலிருந்த இவ்வூர் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. எல்லைகள் மாறும், பட்டாவில் பெயர்களும் மாறும். மண் அல்லாஹ்வுடையது; நம்மிடம் அது அமானத். அமானத்தில் பிறருக்குள்ள ஹக்கை நாம் விழுங்கலாமா?

வீட்டில் கலந்து பேசினோம். வாசற்படியிலிருந்து கிணறு வரை, பிள்ளைகள் நடமாடும் இடம் தினமும் கூட்டிச் சுத்தமாக இருக்கும். கொய்யா மரத்தடி மூலை மட்டும் சருகோடு இருக்கும். இருட்டியபின் அங்கே யாரும் போவதில்லை. ஒளுச் செய்த தண்ணீர் அந்த மூலைக்கே பாய்கிறது. முன்பணத்துக்குக் கொத்தனார் கிணற்றுப் படியைச் செப்பனிட்டுக் கொடுத்தார்.

இவ்வாண்டும் ஐப்பசியில் மஃரிப் பாங்குக்குச் சற்று முன் அந்தச் சீட்டி கேட்டது. “முஸாபிர் வந்தாச்சு!” என்று முதலில் கூவியவர், சிமெண்ட் போடச் சொன்ன நம் வீட்டம்மாள்தான்.

தாய்மார்களே, சகோதரர்களே! உங்கள் கொல்லையிலும் ஒரு மூலையை விட்டு வையுங்கள். வாயில்லா ஜீவன்களின் ஹக்கைப் பேணி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.