மூலக்கூறுக்கு வடிவம் உண்டா?

நான்கு பலூன்களை ஊதி, வாய்ப்பகுதிகளை ஒரே முடிச்சாகக் கட்டினால், அவை ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி நான்முகியின் முனைகளை நோக்கி நிற்கும். மைய அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகளும் இவ்வாறே விலகி நிற்கின்றன என்கிறது இணைதிறக்கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்குக் கொள்கை. 1940இல் சிட்ஜ்விக்கும் பவலும் முன்வைத்த கருத்தை 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் விரித்து முழுமையாக்கினர்.

மீத்தேனில் பிணைப்புக் கோணம் 109.5 பாகை. பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டை ஒன்று இருப்பதால் அம்மோனியாவில் அது ஏறத்தாழ 107 ஆகிறது. இரண்டு இருப்பதால் நீரில் 104.5. தாளும் பென்சிலும் இருந்தால் போதும், எந்தப் பக்கம் சுருங்கும் என்று சொல்லிவிடலாம். சறுக்கல்களும் உண்டு: வளைந்திருக்க வேண்டிய லித்தியம் ஆக்சைடு மூலக்கூறு வளிம நிலையில் நேர்கோடாக இருக்கிறது, நேராக இருக்க வேண்டிய பேரியம் புளூரைடு வளைந்திருக்கிறது.

கணிப்பு பலித்தால் கொள்கை உண்மையாகிவிடுமா? பூமியை மையத்தில் வைத்துக் கணித்த பழைய பஞ்சாங்கங்களும் கிரகணத்தைச் சொல்லத்தான் செய்தன. ஆனால் இங்கே சிக்கல் கொள்கையோடு நிற்கவில்லை. கணிக்கப்படும் வடிவத்தையே தொடுகிறது.

எத்தனாலிலும் டைமெத்தில் ஈதரிலும் இருப்பவை ஒரே அணுக்கள்: கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் ஆறு, ஆக்சிஜன் ஒன்று. முன்னது 78 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவம். பின்னது அறை வெப்பநிலையில் வாயு. எல்லா அணுக்கருக்களையும் எலக்ட்ரான்களையும் சேர்த்து எழுதும் முழுமையான குவாண்டம் சமன்பாடோ இரண்டுக்கும் ஒன்றே. 1927இல் போர்னும் ஓப்பன்ஹைமரும் காட்டிய வழியில், கனமான அணுக்கருக்களை அசையாமல் நிறுத்திக் கணக்கிடும்போதுதான் வடிவம் தென்படுகிறது. எங்கே நிறுத்துவது என்பதைக் கணக்கிடுபவரே முதலில் தேர்கிறார். மூலக்கூறுக்கு வடிவம் இருந்தே ஆக வேண்டுமா என்று வேதியியலாளர் ஊலி 1978இல் கேட்டது இதனால்தான்.

அம்மோனியா இன்னும் வெளிப்படையான சாட்சி. அதன் பிரமிடு, காற்றில் மடங்கும் குடைபோல, நொடிக்குச் சுமார் 2,400 கோடி முறை புரள்கிறது. 1954இல் இயற்பியலாளர் டவுன்ஸ் குழுவின் முதல் மேசர் (நுண்ணலைகளைப் பெருக்கும் கருவி) இயங்கியதும் இந்த அதிர்வெண்ணில்தான். மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் அந்தப் பிரமிடுக்கு மேல், கீழ் என்ற பக்கமே கிடையாது.

அப்படியானால் வடிவம் வெறும் கற்பனையா? அதுவும் மிகையான முடிவு. ஒரு வடிவம் எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பதைச் சேர்த்தே அதைப் பற்றிப் பேச வேண்டும். அம்மோனியாவுக்கு அந்தக் காலம் நொடியில் மிக நுண்ணிய பங்கு. புட்டியில் மூடிவைத்த எத்தனாலோ ஆண்டுக்கணக்கில் ஈதராக மாறுவதில்லை.