வேலை வச்சு பயமுறுத்தலாமா?



நம்ம வல்லக்கோட்டை முருகன் இருக்கிற ஒரகடம் பக்கம், கம்பெனி பஸ்ல பாதிப் பேர் கண்ணு போன்லதான். 2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண் ஊழியர்களுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலை. 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். "சிலர் இறந்துட்டாங்க"ன்னு வாட்ஸ்அப்பில் பரவியது. யாரும் இறக்கவில்லை. ஆனால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையே மறியலில் நின்றது.

அந்தப் பொண்ணுங்களை நான் குறை சொல்ல மாட்டேன். கூடத் தங்கின தோழி எப்படி இருக்கான்னு தெரியாத ராத்திரியில், யாருக்குமே விரல் நிக்காது.

"11 பேருக்கு அனுப்பு, இல்லேன்னா கெட்டது நடக்கும்"னு முருகன் படத்தோட வருதே, அதுவும் இதே பயத்தில்தான் ஓடுது. பயத்தைப் போக்குற வேலை வச்சே பயமுறுத்துறாங்க! நேத்தும் எனக்கு ஒண்ணு வந்துச்சு. அனுப்பலை. கந்தன் கோவிச்சுக்கலை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!