மருந்துக்கு விலை உண்டா?

உடலுக்கு நோய் வருதல் இயல்பு. நோயுற்ற காலத்தில் மருந்தின்றி வாடுதல் இயல்பன்று; அது அவ்வூராரின் குறை. இக்குறையைப் போக்கும் பொருட்டு அன்பர் சிலர் ஒன்றுகூடிச் சிறியதொரு மருத்துவசாலையை நிறுவுகின்றனர் என்று கொள்வோம். மருத்துவர் ஒருவர் மாலை வேளையில் தம் காலத்தை அளிக்கிறார். வணிகர் ஒருவர் இடம் தருகிறார். மற்றையோர் மருந்துக்குப் பொருள் தருகின்றனர். கதவு திறக்கும் நாளிலேயே ஒரு வினா எழுகிறது: வருவோரிடம் கட்டணம் கொள்ளலாமா, ஆகாதா? பார்வைக்குச் சிறிதாய்த் தோன்றும் இவ்வினா, ஆராயுந்தோறும் அறத்தின் வேரைத் தொடுவதாக உள்ளது.

இவ்வினாவை எண்ணுதற்குச் சிட்லபாக்கம் மிகவும் ஏற்ற இடமாகும். 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த இவ்வூர், ஏரியும் வயலுமாய் இருந்து குடியிருப்புகளாய் மாறியது. அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம் என்பதாம். நாள்தோறும் அப்பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவோர் பலர். அது ஒரு மருத்துவரின் முயற்சியால் வந்த பெயர் என்று நினைப்போர் சிலரே. டாக்டர் சௌரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் மருத்துவசாலை நடத்தியவர். கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1917ஆம் ஆண்டில் நோயுற்றபோது அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார். அம்மருத்துவரே தாயகம் திரும்பி, 1928இல் தாம்பரத்தருகே காசநோயாளர்க்கென ஒரு சாலையை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. பிற்காலத்தில், எயிட்ஸ் நோயாளரைத் தொடவும் பலர் அஞ்சிய 1990களில், அவர்களை ஏற்று ஆதரித்த இடமும் அதுவே. அதே தாம்பரத்தின் மேற்குப் பகுதியில் 1982இல் இந்து மிஷன் மருத்துவமனை அறப்பணியாகத் தொடங்கப் பெற்றது. எனவே, நோயுற்றார்க்கு அண்டை அயலார் செய்யக் கடவது யாது என்னும் கேள்வி இப்பகுதிக்குப் புதியதன்று.

நம் திருக்கோயில்களுக்கும் அது புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் எழுந்தருளியுள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் கல்வெட்டு இதற்குச் சான்று. பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப் பெற்ற அக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையையும் வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையையும் விரித்துரைக்கிறது. நோயாளர்க்கு 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை செய்வார் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வோர், மருந்து அடும் பெண்டிர் இருவர், நோயாளி ஒருவர்க்கு நாளொன்றுக்கு நாழி அரிசி, இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் என்றிவ்வாறு ஒவ்வொன்றும் அளவோடு குறிக்கப்பட்டுள்ளது. இவற்றுக்கெல்லாம் வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் நிவந்தமாக விடப்பட்டது. அங்கே சிகிச்சை பெற்றோர் கற்கும் மாணவரும் கோயிற் பணியாளருமே. ஊரார் அனைவர்க்கும் அது திறந்திருந்தது என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் ஒன்று தெளிவு. நோயாளி தரும் காசை நம்பி அச்சாலை நடக்கவில்லை. ஊழியர் எவரும் ஊதியமின்றி உழைக்கவுமில்லை. பணி செய்வோர்க்குக் கூலி உண்டு. நோயாளிக்கு விலை இல்லை. இடைப்பட்ட செலவை நிலம் தாங்கியது.

இனி வினாவுக்கு வருவோம். கட்டணம் கூடவே கூடாது என்பார் ஒரு சாரார். ஸ்ரீராமாநுஜர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து, அரிதின் முயன்று பெற்ற திருமந்திரார்த்தத்தை, ஆசையுடையோர்க்கெல்லாம் வெளியிட்ட வரலாற்றை அன்பர் அறிவர். தாம் விலை கொடுத்துப் பெற்றதைப் பிறர்க்கு விலையின்றி ஈந்த பெருந்தகைமை அது. துன்பம் தீர்க்கும் பொருள் எதுவாயினும் அதற்கு முன்னே தடை எழுப்பலாகாது என்பது இவர்தம் கருத்து.

மற்றொரு சாரார் கூறுவதும் எளிதில் தள்ளத்தக்கதன்று. முற்றிலும் இலவசமாய்ப் பெறுவோன் உள்ளத்தில் ஒரு கூச்சம் உண்டாகிறது. கொடுப்போன் குரலில் ஓர் அதிகாரம் புகுகிறது. சிறு தொகையேனும் தந்தவன் தலைநிமிர்ந்து கேள்வி கேட்பான். தராதவன் கேட்க அஞ்சுவான் என்பர் அவர். இக்கருத்தைச் செயலிற் காட்டியவருள் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி குறிப்பிடத் தக்கவர். அவர் 1958இல் சென்னையில் தோற்றுவித்த தன்னார்வ நல்வாழ்வுச் சேவை நிறுவனத்தில், ஒவ்வொரு குடும்பமும் தன் வருவாய்க்கேற்ற ஆண்டுச் சந்தா செலுத்தும் முறை அமைந்தது. வறியோர் சந்தா மிகச் சிறிது. வசதியுடையோர் சந்தா மிகுதி. சிகிச்சையோ இருவர்க்கும் உண்டு. நோய் வந்தபின் கையேந்துதலை ஒழித்து, நோய் வருமுன்னரே உரிமை பெறச் செய்வது அதன் நோக்கம்.

கட்டணம் வேண்டும் என்பார் வேறொரு காரணமும் கூறுவர்: காசு கொடாமற் பெற்ற மருந்தை மக்கள் மதியார், உண்ணாமல் எறிவர் என்பது அது. இதனை ஆராய்ச்சி தாங்கவில்லை. கென்யா நாட்டில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொசுவலை அளித்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியாயிற்று. விலையின்றித் தந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 60 அமெரிக்கக் காசு விலை வைத்தபோது, வலை பெற்றோர் தொகை நூற்றுக்கு அறுபது பேர் அளவிற் குறைந்தது. விலை கொடுத்தவர்கள் வலையை மிகுதியாகப் பயன்படுத்தினர் என்பதும் மெய்ப்படவில்லை. சிறு கட்டணம் அலட்சியக்காரனை வடிகட்டுவதில்லை. வறியவனையே வடிகட்டுகிறது என்பது இதனாற் புலனாகும்.

அன்றியும், நோயாளி செலுத்தும் விலை மருத்துவசாலையின் மேசையில் வைக்கும் காசு மட்டுமன்று. கட்டட வேலைக்குச் செல்பவர் ஒருநாள் மருத்துவரைக் காண நின்றால் அன்றைய கூலி போயிற்று. வீட்டு வேலை செய்யும் அம்மையார் பேருந்தேறிப் பெரிய மருத்துவமனைக்குச் சென்று திரும்பினால், இரண்டு வீடுகளில் ஏச்சுக் கேட்க நேரும். மருத்துவர் ‘இலவசம்’ என்பதை இவர்கள் ‘அரைநாட் கூலி’ என்று கணக்கிடுகின்றனர். சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் உலகுக்கு உணர்த்திய உண்மை இங்கே நினைக்கத் தக்கது. சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றோரையும், நெருக்கமான ஏழைக் குடில்களில் இருந்தபடியே மருந்துண்டோரையும் ஒப்பிட்டு, ஓராண்டு மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் இருசாராரும் பெரும்பாலும் ஒன்றுபோலக் குணமடைவர் என்று அவ்வாய்வு 1959இல் நிறுவியது. மருந்தை நோயாளியின் வாசலருகே கொண்டுசெல்லுதல் சிகிச்சையைத் தாழ்த்துவதாகாது என்பதை அதனால் அறிகிறோம். ஊருக்குள் நடந்து செல்லும் தூரத்தில், வேலை முடிந்த மாலைப் போதில் திறந்திருக்கும் சிற்றில்லம் ஒன்று, விலைப்பட்டியலில் தோன்றாத பெருவிலையைக் குறைத்து விடுகிறது.

அவ்வாறாயின் கட்டணம் அறவே தவறா? செலவுக்கு வழியில்லாத மருத்துவசாலை நீடித்து நில்லாது. ஈராண்டு நடந்து மூடப்பெறும் இலவசசாலை, தன்னை நம்பிச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் மருந்து வாங்கியோரை நடுவழியில் விட்டுவிடும். அதுவும் ஓர் அநீதியே. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கொரு வழி காட்டிற்று. இயன்றோர் கட்டணம் செலுத்துவர். இயலாதோர் இலவசமாய்ப் பெறுவர். எந்த வாயிலில் நுழைவது என்பதை நோயாளியே முடிவு செய்வார். வருமானச் சான்று கேட்பாரில்லை. கூடம் வேறாகலாம், அறுவை செய்யும் கை ஒன்றே.

‘வசதியுள்ளவன் ஏழையென்று சொல்லி ஏமாற்ற மாட்டானா?’ என்று வினவலாம். ஏமாற்றுவோர் சிலர் இருப்பர். ஆயினும் இருவகைப் பிழைகளையும் தராசில் இட்டுப் பார்த்தல் வேண்டும். வசதியுள்ளவன் ஒருவன் இலவசமாய் மருந்து பெற்றால் சாலைக்குச் சில ரூபாய் நட்டம். வறியவன் ஒருவன் வறுமையை மெய்ப்பிக்க நாணித் திரும்பிச் சென்றால் போவது ஓர் உயிராகவும் இருக்கலாம். முதற்பிழையைத் தடுக்க முனைந்து இரண்டாம் பிழைக்கு இடங்கொடுத்தல் அறிவுடைமையாகாது. தளிகைப் பிரசாதம் வழங்குமிடத்தில் நீட்டிய கைக்கு உரியவன் எத்துணை வருவாயினன் என்று எவரும் ஆராய்வதில்லை அன்றோ?

வினாவின் வேர் இங்கேதான் இருக்கிறது. கட்டணம் கொள்வதிலும் செருக்கு உண்டாகலாம். கொள்ளாமையிலும் செருக்கு உண்டாகலாம். ‘நான் கொடுத்தேன்’ என்னும் எண்ணமே இரண்டிற்கும் மூலம். உயிர்கள் யாவும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பதும், பொருள் யாவும் அவனுடைமை என்பதும் ஸம்ப்ரதாயத்தின் அடிப்படை. அதனை மெய்யாகக் கொண்டவர்க்கு, மருந்தளிப்பவர் உடைமையாளர் அல்லர், பொருளைக் கையாளும் பொறுப்பினர் மட்டுமே. மருந்து பெறுபவரும் இரவலர் அல்லர். பொறுப்பினரைக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: வந்தவர்களுள் மிக வறியவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்? பணம் தந்தவர்க்கும் தராதவர்க்கும் மருத்துவர் ஒரே பொறுமையோடு செவி சாய்த்தாரா? அடுத்த ஆண்டும் இக்கதவு திறந்திருக்க வழி செய்துள்ளோமா? இம்மூன்றுக்கும் நேர்மையாய் விடை கூற இயலுமாயின், கட்டணம் எவ்வளவு என்பது பின்னதாகி விடும்.

செய்யத்தக்க முறையும் கோயிலிலேயே இருக்கிறது. உண்டியலில் இடுவோன் கையில் உள்ளது ஒரு ரூபாயா, நூறு ரூபாயா என்று அடுத்து நிற்பவர் அறியார். மருத்துவசாலையின் வாயிலில் அத்தகைய ஒரு பெட்டியை வைத்து, இட்டாலும் இடாவிட்டாலும் முறைப்படி மருந்து வழங்கினால், இயன்றவன் கொடுக்கும் பெருமை குறையாது. இயலாதவன் மானமும் கெடாது. பெட்டியில் விழுவது செலவுக்குப் போதாது என்பது உறுதி. குறையை ஊரார் ஏற்க வேண்டும். அதுவும் ஒருநாள் உவகையில் அளித்த நன்கொடையாக அன்றி, திருமுக்கூடலில் வயலைக்காவூர் நிலம் தாங்கியது போல, மாதந்தோறும் தவறாது வரும் சிறு தொகையாக. வரவும் செலவும் எல்லோரும் காண வாயிலில் எழுதி ஒட்டப்பெறுதல் வேண்டும்.

உற்சவம் பத்து நாளில் நிறைவுறும், பந்தல் பிரிக்கப்படும், அன்பர்கள் இல்லம் திரும்புவர். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அவ்வாறு நாட்குறிப்பு இல்லை. திருவிழாவுக்கு வசூலிக்கும் ஊக்கத்தில் ஒரு பகுதி, விழா முடிந்த மறுமாதமும், அதற்கடுத்த மாதமும், விளம்பரமின்றி ஒரு சிற்றறையின் விளக்கெரியச் செலவாகுமாயின் அக்கைங்கர்யம் எம்பெருமான் திருவுள்ளத்துக்கு உகப்பாகும்.