புது பிளேடு போடுங்கண்ணே!

சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய், தம்பி. கழுத்தில் துணி கட்டியாயிற்று, கன்னத்தில் நுரை. கடைக்காரர் கத்தியை எடுக்கிறார். அதில் இருப்பது புது பிளேடா, சற்றுமுன் எழுந்து போனவருக்குப் போட்டதா? "புது பிளேடு போடுங்கண்ணே" என்று கேட்க வாய் வருகிறது. அண்ணன் என்ன நினைப்பாரோ என்று விழுங்கிவிடுகிறாய்.

அந்தக் கூச்சத்தைத் தூக்கி எறி! கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலைவிட்டு வெளியே வந்த பிறகும் குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கறை அதற்குப் போதும். திருவிழாவில் பச்சை குத்தும் ஊசி, சுத்தம் செய்யாத காது குத்தும் ஊசி, பாதுகாப்பற்ற உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு என அது நுழையும் வழிகள் பல. லேசான காய்ச்சலுக்கே "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று கையை நீட்டுகிறோமே, அதையும் விடு. "மாத்திரை போதுமா?" என்று கேட்கப் பழகு. கேட்பது உன் உரிமை. உன் கல்லீரலுக்காக வேறு யார் கேட்பார்கள்?

இன்னொன்றையும் உடைத்தே சொல்கிறேன். கண் மஞ்சளானதும் வேர்மாலை, மந்திரம், கையில் சூடு என்று ஓடுகிறோம். அழுக்கு நீரிலும் உணவிலும் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே அடங்கிவிடும். பெயர் வாங்கிக்கொள்வது வேர்மாலை! ஆனால் கர்ப்பிணிக்கு வரும் ஈ வகை உயிரையே பறிக்கலாம். கொதிக்க வைத்த தண்ணீர், சோப்புப் போட்டுக் கழுவிய கை: இவை இரண்டும் எந்த மந்திரத்தையும்விட வலியவை. பி, சி வகைகளோ மஞ்சளே காட்டாமல் இருபது, முப்பது ஆண்டு பதுங்கியிருந்து கல்லீரலைச் சுருங்க வைக்கும், புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும்.

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போய், பி அல்லது சி இருப்பதால் 'அன்ஃபிட்' என்ற தாளோடு திரும்பியவனே, உன்னிடம்தான் பேசுகிறேன். தலை நிமிர்! அந்தத் தாள் ஒரு வேலையைத்தான் மறுத்தது, உன் வாழ்க்கையை அல்ல. 1982-இல் 'கூலி' படப்பிடிப்பில் அடிபட்ட அமிதாப் பச்சனுக்கு, ஏற்றிய ரத்தத்தின் வழியே ஹெபடைடிஸ் பி வந்தது. தெரிய வந்தது பல ஆண்டு கழித்து. கல்லீரலில் முக்கால் பங்கு போய்விட்டது என்று அவரே மேடையேறிச் சொன்னார். எண்பது வயதைக் கடந்தும் நடிக்கிறார். நீ ஏன் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும்?

ஒரே தட்டில் சாப்பிட்டால் பி, சி ஒட்டாது. கட்டிப் பிடித்தால் ஒட்டாது. தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைக்கும் உறவினரிடம் இதைச் சத்தமாகவே சொல். பி வகையை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். எல்லோருக்கும் மாத்திரைகூடத் தேவைப்படாது, விடாத பரிசோதனை போதும். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றில் 95 பேருக்குக் குணமாகிவிடுகிறது.

தங்கையே, நீ கர்ப்பமாக இருந்தால் பி வகைக்கான பரிசோதனையைக் கேட்டு வாங்கு. பிறக்கும்போதே பி தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தடுப்பூசிதான் அங்கே வேலி. "நல்ல நாள் பார்த்துப் போடலாம்" என்று மாமியார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. பெரியவர்களும் ஆறு மாதத்தில் மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம்; வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் மற்றவர்கள் பரிசோதித்துப் போட்டே ஆக வேண்டும்.

இன்றே கிளம்பு. அரசு மருத்துவமனையில் "மஞ்சள் காமாலை பி, சி ரெண்டும் பார்க்கணும்" என்று கேள். இதற்கென்றே 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.